மழைக்காலமும் ஓடில்லா நத்தையும்: சென்னைத் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி நத்தையைப் பற்றியவைதான். மடிப்பாக்கத்தில் 11 ஆண்டுகளாக மொட்டைமாடியில் கீரையும் காயும் வளர்க்கிறேன். கீழே சுற்றுச்சுவரை ஒட்டி நான்கடி அகலத்தில் ஒரு மண்பாத்தியும் உண்டு. பூச்சியியல் படித்தவன் அல்லன். நத்தையிடம் நிறையத் தோற்றவன். ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

நேற்று மாலை வரை இருந்த நாற்று காலையில் இல்லை. நத்தைதான் என்று எப்படி உறுதிசெய்வது?

வெயில் ஏறுவதற்குமுன் தொட்டியின் விளிம்பைச் சாய்வாகப் பாருங்கள். கஞ்சி வடிந்து காய்ந்தாற்போல் ஒரு வெள்ளிக்கோடு மினுக்கினால் நத்தைதான். எட்டு மணிக்குமேல் போனால் அந்தக் கோடு உதிர்ந்துவிடும். பிறகு துப்புத் துலக்க முடியாது.

கோடு இல்லையென்றால் வேறு ஆளைத் தேடுங்கள். இலைமேல் கடுகுபோலக் கறுப்பு எச்சம் கிடந்தால் கம்பளிப்புழுவோ பச்சைப்புழுவோ இருக்கிறது. நாற்று அடியோடு அறுபட்டுப் பக்கத்திலேயே சாய்ந்து கிடந்தால் வெட்டுப்புழு. தண்டைச் சுற்றி ஓர் அங்குலம் மண்ணைக் கிளறினால் சாம்பல் நிறத்தில் சுருண்டு படுத்திருக்கும். செடியே பிடுங்கப்பட்டுத் தரையில் இழுபட்டிருந்தால் எலி. நத்தை இழுக்காது, பிடுங்காது. இருந்த இடத்திலேயே, நாக்கிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்பற்களால் அரம் போட்டதுபோல் தேய்த்துத் தின்னும். இலையில் ஓட்டைகள் கன்னாபின்னாவென்று இருக்கும். இளநாற்று என்றால் ஒரு குச்சி மட்டும் மிஞ்சும்.

எங்கள் வீட்டில் இதை அட்டை என்கிறோம். அட்டையா, நத்தையா?

அட்டை ரத்தம் உறிஞ்சுவது. மாடித்தோட்டத்துக்கு அது வருவதில்லை. தொட்டவுடன் சுருண்டுகொள்ளும், ஏராளமான கால்கள் உள்ள மரவட்டையும் வேறு. ரயில் பூச்சி என்று குழந்தைகள் சொல்வது அதைத்தான். அது பெரும்பாலும் மக்கிய சருகைத் தின்று உரமாக்குகிறது. பாவம், நத்தை செய்த குற்றத்துக்கு அது மிதிபடுகிறது.

நம் பகுதியில் நான் அதிகம் பார்க்கும் ஓடில்லா நத்தை கறுப்பாகவும் தட்டையாகவும், தேய்ந்த தோல் செருப்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டுபோல இருக்கும். முதுகின் நடுவே நெடுக ஒரு வெளிர்கோடு ஓடும். நகரும்போது விரலளவு நீளும். தொட்டால் சுருங்கி, சிறு கூழாங்கல்போலக் கிடக்கும். இதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. பழுப்பு நிறத்தில் வேறு சிறிய வகைகளும் உண்டு. வகை எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான்.

எங்கள் மொட்டைமாடி மூன்றாவது தளத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரம் எப்படி ஏறியது?

ஏறவில்லை. நீங்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். நர்சரியில் வாங்கிய ரோஜாத் தொட்டியின் அடித்துளையில், செம்மண் மூட்டையில், ஈரமான தென்னை நார்க் கழிவில், நண்பர் அன்பாகக் கொடுத்த வெற்றிலைக் கொடியின் வேர்மண்ணில் முட்டையாகவோ குஞ்சாகவோ வந்திருக்கும். முட்டைகள் வேகவைத்த ஜவ்வரிசிபோலப் பளபளவென்று கொத்தாக இருக்கும். நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்பார்கள்; தோட்டக்காரனுக்கு இந்த முத்து வேண்டாம். ஓடில்லா நத்தை ஒவ்வொன்றிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. அதனால் எதுவும் முட்டையிடும்.

புதுச்செடி வாங்கினால் நேராக மற்றச் செடிகளோடு சேர்க்காதீர்கள். ஒரு வாரம் தனியே வையுங்கள். முதல்நாளே தொட்டியைச் சாய்த்து அடித்துளையைப் பாருங்கள். க்ரோ பேக்காக, அதாவது செடி வளர்க்கும் பையாக, இருந்தால் மடிந்திருக்கும் விளிம்பை விரித்துப் பாருங்கள். பகலில் நத்தைகளுக்கு அது சொகுசான விடுதி.

மழை வந்தால் மட்டும் ஏன் இப்படிப் பெருகுகிறது?

அதன் உடலில் பெரும்பகுதி தண்ணீர். நகர்வதற்கே கோழையைச் சுரந்து அதன்மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நமக்கு நடந்தால் வியர்க்கும். அதற்கு நடப்பதே வியர்வை. காய்ந்த சிமெண்ட் தரையில் வெயில் நேரத்தில் ஓர் அடி கடந்தால் உயிர் போய்விடும். எனவே பகலில் ஒளிந்து, ஈர இரவில் வெளியே வருகிறது. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்குமேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. நாமும் அதே மாதங்களில்தான் கீரையும் கத்தரி நாற்றும் போடுகிறோம். நாம் பந்தி விரிக்கும் நாளில் விருந்தாளி வருகிறார், அவ்வளவுதான்.

முதலில் என்ன செய்ய வேண்டும்? ஒரே ஒரு வழி சொல்லுங்கள்.

இரவு ஒன்பது மணிக்குமேல் டார்ச்சும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். மழை பெய்து ஓய்ந்த இரவாக இருந்தால் நல்லது. ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் கால்வாசி சோப்புத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். தொடர்ந்து 10 இரவு போங்கள். இதற்கு இணையான மருந்தை நான் பார்த்ததில்லை. ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கியவர்கள்கூடக் கடைசியில் இங்கேதான் வந்து சேர்ந்தார்கள்.

நான் முதல்முறை போன இரவு நன்றாக நினைவிருக்கிறது. பகலில் ஒரு நத்தைகூடக் கண்ணில் படாத தோட்டம். டார்ச்சை அடித்தால் மிளகாய் நாற்றுத் தட்டில் ஐந்து. அதில் ஒன்று நாற்றின் மேல் ஏறி, தண்டு வில்லாக வளைய, தலையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு நுனித்தளிரைத் தின்றுகொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் நிறுத்தவில்லை. முன்பக்கம் இரண்டு குட்டைக் கொம்புகள் மெல்ல உள்ளே போயின, திரும்ப வந்தன, மறுபடி இலை. அரைவட்டமாக இலை குறைவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. அன்று 43 பிடித்தேன். மறுநாள் 30. ஒரு வாரத்தில் ஒற்றை எண்ணுக்கு வந்தது. 10 நாளில் நின்றுவிடும் என்று சொல்லவில்லை. முட்டைகள் பொரித்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் மூன்று வாரம் கழித்து இன்னொரு சுற்றுப் போக வேண்டும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வருகிறது. கோழை கையில் ஒட்டினால் உடனே தண்ணீர் விடாதீர்கள், இன்னும் வழவழக்கும். காய்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கொல்ல மனம் வரவில்லை. பக்கத்துக் காலிமனையில் விட்டுவிடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. என் தாயார் இருந்தவரை சோப்புத் தண்ணீர் டப்பாவை அவர் கண்ணில் காட்டியதில்லை. ஆனால் சுவருக்கு அந்தப்பக்கம் வீசுவது அகிம்சை ஆகாது. அது பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கட்டுவது. வீசியது திரும்பியும் வரும். பிரிட்டனில் 2010-இல் ஒரு வானொலிப் போட்டிக்காக ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தோட்டத்து நத்தைகளுக்கு நகப்பூச்சால் அடையாளமிட்டு ஆராய்ந்தார். சுமார் 10 மீட்டர் தள்ளி விட்டவைகூட வீடு திரும்பின என்று கண்டு, அந்தப் போட்டியில் பரிசும் வாங்கினார். அவை நம் ஊர் இனம் அல்ல. ஆனால் நம்முடையவை சுவரேறுவதைப் பார்த்தவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

கொல்ல விரும்பாதவர்கள் தோட்டத்தை நத்தைக்குப் பிடிக்காத இடமாக ஆக்குவதில் கவனம் வைக்கலாம். கீழே தண்ணீர் பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

உப்புப் போட்டால் செத்துவிடுகிறதே, ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

சாகும். உப்பு அதன் உடலிலிருந்து நீரை உறிஞ்சி இழுத்துவிடும், பார்க்கச் சகிக்காது. நான் மறுப்பதற்குக் காரணம் மண். தொட்டிக்குள் விழுந்த உப்பு அங்கேயே தங்கும், அடுத்த மழையில் வேருக்குப் போகும். ஏற்கெனவே திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக்கரித்துச் செடிகள் நுனி கருகி நிற்கின்றன. நீங்கள் வேறு ஒரு பிடி போட வேண்டாம். பிளீச்சிங் பவுடருக்கும் இதே பதில்.

முட்டை ஓடு, காபிச் சக்கை, சாம்பல், செம்புப் பட்டை: எது உண்மையில் வேலை செய்யும்?

மழை இல்லாத நாளில் எல்லாமே கொஞ்சம் வேலை செய்வதுபோலத் தெரியும். மழை இல்லாத நாளில் நத்தையே வராது என்பதுதான் இதிலுள்ள சூது.

முட்டை ஓட்டை நொறுக்கிச் செடியைச் சுற்றிப் போட்டால் கூர்முனை குத்தி நத்தை திரும்பிப் போய்விடும் என்பார்கள். நான் போட்டுப் பார்த்தேன். தன் கோழையையே பாய்போல் விரித்துக்கொண்டு நத்தை அதன்மேல் போய்விட்டது. ஓடுள்ள நத்தைகளுக்குக் கூடு வளரச் சுண்ணாம்புச் சத்து தேவை. அதற்காகவே வெள்ளையடித்த சுவரைச் சுரண்டித் தின்னும். அவற்றுக்கு முட்டை ஓடு போடுவது சத்து மாத்திரை கொடுப்பதுபோல.

பிரிட்டனின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2018-இல் முட்டை ஓடு, செம்புப் பட்டை, பொடிக்கல், பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை ஆகிய ஐந்தையும் லெட்டூஸ் கீரையைச் சுற்றிப் போட்டுச் சோதித்தது. எதுவும் போடாத பாத்தியோடு ஒப்பிட்டபோது சொல்லத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை. செம்புப் பட்டைக்கு இணையத்தில் கொடுக்கும் விலையைப் பார்த்தால், அந்தப் பணத்துக்கு நல்ல டார்ச் ஒன்று வாங்கலாம்.

காபியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஹவாயில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள், தவளைகளைக் கட்டுப்படுத்தக் காஃபீன் கரைசலைத் தெளித்துப் பார்த்தபோது, பெரிய ஓடில்லா நத்தைகள் அதனால் சாவதைக் கவனித்தார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வில் ஒன்று முதல் இரண்டு சதவீதக் காஃபீன் கரைசல் நத்தைகளைக் கொன்றது. ஆனால் நாம் குடிக்கும் காபியில் 0.1 சதவீதம்கூட இருக்காது. நீங்கள் டிகாக்‌ஷன் இறக்கிவிட்டுத் தூக்கிப்போடும் சக்கையில் இருப்பதும் மிச்சம்மீதிதான். சக்கையை உரக்குழியில் போடுங்கள். டிகாக்‌ஷனை நீங்கள் குடியுங்கள்.

சாம்பல் மட்டும் நான் இன்னும் பயன்படுத்துகிறேன். உலர்ந்த சாம்பலில் நத்தை இறங்கத் தயங்குகிறது. கோழையெல்லாம் சாம்பலோடு சேர்ந்து பிசுக்காகிவிடுகிறது. ஓட்டுக்கூரை அல்லது பாலித்தீன் கூரையின் கீழ் இருக்கும் நாற்றுத் தட்டைச் சுற்றிக் கைவிரல் அகலத்துக்குச் சாம்பல் வட்டம் போடுவேன். ஒரு தூறல் பட்டால் வட்டம் செத்தது. திறந்த மாடியில் வீண்வேலை.

பீர் வைத்தால் விழுந்து சாகும் என்கிறார்களே?

உண்மைதான். அதை இழுப்பது போதை இல்லை, புளித்த ஈஸ்ட்டின் வாடை. அதற்காக டாஸ்மாக் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி மைதா கலந்து இரண்டு மணி நேரம் வைத்தால் போதும். எங்கள் வீட்டில் அதுவும் வாங்குவதில்லை. நான்காம் நாள் இட்லி மாவு, யாரும் தோசைக்குக்கூடத் தொடாதது, அதைத் தண்ணீராகக் கரைத்து வைக்கிறேன். வருகிறது.

ஐஸ்கிரீம் கிண்ணம் ஒன்றை மண்ணில் புதைத்து, விளிம்பு மண்ணுக்குமேல் கட்டைவிரல் அகலம் நிற்கும்படி வையுங்கள். தரையோடு தரையாக வைத்தால் தோட்டத்துக்கு நன்மை செய்யும் வண்டுகளும் விழுந்துவிடும். மழைநீர் நிரம்பாமல் மேலே ஓர் ஓட்டுத்துண்டைச் சாய்த்து மூடுங்கள். காலையில் மறக்காமல் அப்புறப்படுத்துங்கள். இரண்டு நாள் விட்டால் வரும் நாற்றத்துக்கு நத்தையே தேவலை என்று தோன்றும்.

வீட்டில் ஈஸ்ட்டும் இல்லை, பொறுமையும் இல்லை. வேறு பொறி?

பழைய கோணிப்பையை நனைத்துப் பிழிந்து, மாலையில் பாத்தி ஓரமாகப் போடுங்கள். அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோசின் வெளி இலையோ வையுங்கள். விடிந்ததும் புரட்டினால் கூட்டமாக இருக்கும், அள்ளிவிடலாம். தர்ப்பூசணித் தோலைக் கவிழ்த்து வைப்பதும் இதே கணக்குதான். புரட்ட மறந்தால் மட்டும் நீங்கள் நத்தைக்கு வீடு கட்டிக் கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள்.

கடையில் நத்தை மருந்து என்று நீலக் குருணை விற்கிறார்கள். போடலாமா?

பெரும்பாலும் அது மெட்டால்டிஹைடு என்ற நஞ்சு, 2.5 சதவீதக் குருணை. நத்தையைக் கொல்லும்; அதில் சந்தேகம் இல்லை. தின்ற நத்தை கோழையைக் கக்கிக் கக்கி வறண்டு சாகிறது. ஆனால் தொடர்ந்து ஈரமாக இருந்தால் இழந்த நீரைத் திரும்ப உறிஞ்சிப் பிழைத்துக்கொள்ளவும் கூடும். நமக்கு நத்தைத் தொல்லை இருப்பதே மழை நாளில்தான்.

என் எதிர்ப்புக்கு முக்கியக் காரணம் நாய். தானியத் தவிட்டில் செய்த குருணையை நாய்கள் விரும்பித் தின்கின்றன. எங்கள் தெருவில் ஒருவர் கடைக்காரர் சொன்னபடி பாத்தி முழுக்கத் தூவினார். அவரே வளர்த்த நாட்டு நாய் அன்று மாலையே கால்கள் வெட்டிவெட்டி இழுக்கத் தரையில் விழுந்தது. கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுபோனதால் பிழைத்தது. நாயோ பூனையோ தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, நடுக்கம் தொடங்கும்வரை காத்திராமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். பிரிட்டனில் 2022 வசந்தத்திலிருந்து திறந்தவெளியில் இதைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது.

ஃபெரிக் பாஸ்பேட் குருணை கிடைத்தால் அது மேல். இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு. நத்தை தின்றதும் பசி அடங்கி, எங்காவது ஒளிந்து சில நாளில் சாகும். பிணம் கண்ணில் படாததால் வேலை செய்யவில்லை என்று நினைத்து மேலும் மேலும் கொட்டாதீர்கள். இரண்டில் எதை வாங்கினாலும் டப்பாவில் அச்சிட்டுள்ள அளவுக்குமேல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். கீரைப் பாத்திக்குள் நான் எதையுமே தூவுவதில்லை.

வேப்பெண்ணெய்? மயில்துத்தம்?

வேப்பெண்ணெய் தெளித்த இலையை ஓரிரு நாள் ஒதுக்குகிறது. மழை கழுவியதும் வந்துவிடுகிறது. அசுவினிக்கு அடிப்பதாக இருந்தால் அடியுங்கள், நத்தைக்காக அடிக்க வேண்டாம். மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட், கரைத்து விட்டால் நத்தையைக் கொல்லும். ஆனால் இலையும் கருகும், செம்பு மண்ணில் தங்கி மண்புழுவையும் கெடுக்கும். தொட்டிச் செடிக்கு அருகில் அதைக் கொண்டுபோகவே கூடாது.

செடிக்குத் தண்ணீர் விடும் நேரத்துக்கும் நத்தைக்கும் தொடர்பு உண்டா?

நிறைய. நம்மில் பலர் அலுவலகம் முடிந்து வந்து இரவு ஏழு மணிக்குப் பூவாளியைத் தூக்குகிறோம். நத்தை கிளம்பும் நேரத்துக்கு ஈரப் பாதை போட்டுக் கொடுப்பது அது. காலை ஆறு, ஏழு மணிக்கு வேரில் மட்டும் விடுங்கள். மாலைக்குள் மேல்மண் காய்ந்துவிடும்.

இதோடு மூன்று காரியம் செய்யுங்கள். தொட்டிகளை நேரடியாகத் தரையில் வைக்காமல் இரும்பு நிலைத்தாங்கியிலோ செங்கல்மேலோ தூக்கி வைத்து, அடியில் காற்றும் வெளிச்சமும் போகவிடுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். அதில் கொசுவும் பெருகும். சுவரில் சாயும், பக்கத்துத் தொட்டியைத் தொடும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். நீங்கள் தரையில் எவ்வளவு காவல் போட்டாலும் அந்த ஓர் இலை பாலமாகிவிடும். மண்மேல் சருகு பரப்பும் மூடாக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கோடையில் அது உயிர்காப்பது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் நாற்றுப் பாத்தியிலிருந்து சருகை ஒதுக்கிவையுங்கள்.

கைப்பிடி அளவு பெரிய ஓடுள்ள நத்தை வந்திருக்கிறது. அதுவும் இதே வகையா?

அது ராட்சத ஆப்பிரிக்க நத்தை. கூம்புபோல நீண்ட கூடு, பழுப்பில் கருங்கோடுகள். 1847-இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சௌரிங்கியில் ஒரு தோட்டத்தில் விட்டதாகப் பதிவு இருக்கிறது. அவருக்கு நத்தைகள்மேல் ஆசை. அந்த ஆசையின் பலனை நாம் இன்னும் பப்பாளிக் கன்றிலும் வாழைக் குருத்திலும் அனுபவிக்கிறோம். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று.

ஒரே முறையில் 200 முட்டைக்குமேல் மண்ணுக்குள் இடக்கூடும். வறண்ட காலத்தில் கூட்டின் வாயை மெல்லிய படலத்தால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். செத்துவிட்டது என்று நினைத்து உரக்குழியில் போட்டவர்களை எனக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் தெருவின் காலிமனைச் சுவர் முழுக்க இவைதான். இதைத் தனி வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் ஒழிக்க முடியாது. காலிமனையில் புதரும் குப்பையும் இருக்கும்வரை அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும். தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு மாதம் மாலைதோறும் பொறுக்கினோம். அடர்த்தியான உப்புநீர் வாளியில் போட்டுக் கொன்று, செடிகளுக்கு எட்டாத மூலையில் ஆழமாகப் புதைத்தோம். உப்பு வேண்டாம் என்றீர்களே என்று கேட்காதீர்கள். வாளிக்குள் இருக்கும் உப்பைப் பற்றி நான் பேசவில்லை. கூட்டை நசுக்கிப் போட்டுவிட்டுப் போவது மட்டும் வேண்டாம். உள்ளே முட்டை இருந்தால் மண்ணில் சேர்ந்துவிடும்.

தொட்டால் நோய் வருமா? பயமாக இருக்கிறது.

பயப்படுவதற்குப் பதில் கையுறை போடுங்கள். எலியின் நுரையீரல் நாளங்களில் வாழும் ஒரு புழு உண்டு. அதன் குஞ்சுப்புழுக்கள் எலிப் புழுக்கை வழியாக வெளியே வந்து, அதைத் தின்னும் நத்தைக்குள் வளர்கின்றன. அந்த நத்தையைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ மனிதன் தின்றால் புழு மூளைக்குப் போய் மூளை உறை அழற்சியை உண்டாக்கலாம். ஆஸ்திரேலியாவில் 2010-இல் ஓர் இளைஞர் நண்பர்களோடு பந்தயம் கட்டி ஓடில்லா நத்தை ஒன்றை விழுங்கினார். நோயில் உடல் செயலிழந்து 2018-இல் இறந்தார்.

நம்மில் யாரும் வேண்டுமென்று நத்தையைப் பச்சையாகத் தின்பதில்லை. நமக்குள்ள ஆபத்து கீரைக்குள் ஒட்டியிருக்கும் கடுகளவு குஞ்சு. ஆகவே மழைக்காலத்தில் புதினா, கொத்துமல்லி உட்பட எதையும் தோட்டத்திலிருந்து பறித்து அப்படியே வாயில் போடாதீர்கள். இலை இலையாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் இருபுறமும் தேய்த்துக் கழுவுங்கள். வேகவைத்தால் புழு செத்துவிடும். நம் கீரை மசியலுக்கும் கூட்டுக்கும் இந்த வகையில் நன்றி சொல்ல வேண்டும். மாடியில் விளையாடும் தவழும் குழந்தைகளைக் கொஞ்சம் கவனியுங்கள், எதையும் எடுத்து வாயில் வைப்பார்கள்.

ஊரில் நத்தை சமைத்துச் சாப்பிடுவோம், மூலத்துக்கு நல்லது என்பார்கள். இதைச் சமைக்கலாமா?

ஊரில் சமைப்பது வயலிலும் குளத்திலும் கிடைக்கும் நீர்நத்தை. நகரத்துச் சாக்கடையோரம் எலிகளோடு குடியிருக்கும் இதை அடுப்படிக்குள் கொண்டுவர வேண்டாம். மூலத்துக்கு மருத்துவரைப் பாருங்கள்.

நத்தையைத் தின்னும் பறவையோ பிராணியோ எதுவும் இல்லையா?

இருக்கிறது. செம்போத்து. செங்கல் நிறச் சிறகும் ரத்தச்சிவப்புக் கண்ணுமாக, காக்கையளவில், புதருக்குள் ஊப் ஊப் என்று அடித்தொண்டையில் கூப்பிடும். பள்ளிக்கரணையை ஒட்டிய பகுதிகளில் இன்னும் இருக்கிறது. எங்கள் முருங்கை அடியில் உடைந்த நத்தைக் கூடுகள் குவிந்து கிடப்பதைப் பார்த்து, யார் செய்கிறார்கள் என்று இரண்டு நாள் ஜன்னலோரம் காத்திருந்தேன். கூட்டைத் தரையில் வைத்து அலகால் கொத்தி உடைத்துச் சதையை மட்டும் இழுத்துக்கொண்டு போனது. அதற்குத் தேவை அடர்ந்த ஒரு புதரும் தொந்தரவில்லாத நிலமும்தான். தேரைகளும் குட்டி நத்தைகளைத் தின்னும். மண்பாத்தியின் மூலையில் உடைந்த பானையைக் கவிழ்த்து வைத்தால் தேரை குடிவரும். மின்மினியின் புழுவும் நத்தை தின்னும், ஆனால் இவ்வளவு தெருவிளக்குக்கு நடுவில் மின்மினிக்கு எங்கே போவது?

வாத்து வளர்க்கலாமா என்று மேற்கு மாம்பலத்திலிருந்து ஒருவர் கேட்டார். அடுக்குமாடிக் குடியிருப்பில். சங்கத்துச் செயலாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

நத்தை தொடாத செடிகள் உண்டா?

என் மாடியில் எலுமிச்சைப் புல், கற்பூரவள்ளி, முற்றிய கறிவேப்பிலை ஆகியவற்றை அது சீண்டியதில்லை. முதலில் தேடிப்போவது பாலக், முளைக்கீரை, துலுக்கச் சாமந்தி நாற்று, கத்தரி நாற்று. அதனால் மழைமாதங்களில் விதையை நேரடியாகப் பாத்தியில் தூவுவதை விட்டு, குழித்தட்டில் உயரத்தில் வளர்த்து, நான்கைந்து இலை வந்து தண்டு கொஞ்சம் முறுகிய பிறகு நடுகிறேன். அந்த வயதுக்குமேல் நத்தை ஓர் இலை தின்றாலும் செடி தாங்கும்.

குளியலறைக் குழாய் வழியாகக் கறுப்பு நத்தை வருகிறது. என்ன செய்வது?

தண்ணீர் வெளியேறும் துளைக்கு நெருக்கமான எஃகு வலை போடுங்கள். இரவில் தரையைத் துடைத்து உலரவிடுங்கள். வெளியே அந்தக் குழாய் முடியும் இடத்தில் செடித்தொட்டியோ இலைக்குப்பையோ இருந்தால் நகர்த்துங்கள், அங்கிருந்துதான் வருகிறது.

தை பிறந்து வெயில் வந்துவிட்டது, நத்தையும் போய்விட்டது. இனி அடுத்த மழைக்குப் பார்த்துக்கொள்ளலாமா?

போகவில்லை, இறங்கியிருக்கிறது. மண்ணுக்குள் இரண்டு அங்குல ஆழத்தில், செங்கல் இடுக்கில், தொட்டிக்கு அடியில் இருக்கும். பங்குனி, சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தொட்டிகளையும் நகர்த்துங்கள். பழைய மண்ணை மாடித்தரையில் மெல்லிசாகப் பரப்பி மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள். முட்டையும் போகும், வேர்ப்புழுவும் போகும். விரிசல் விட்ட தொட்டிகளைத் தனியே எடுத்துப் பாருங்கள். போன சித்திரையில் ஒரு பழைய சிமெண்ட் தொட்டியைத் தூக்கினேன். மேலே செடிகூட இல்லை, வெறும் காய்ந்த மண். அடிப்பக்க விரிசலுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கிவைத்த புளியங்கொட்டைபோல, 17 இருந்தன.